பேருக்குச் சொந்தக்காரி

பெட்ஃபோர்டு, குன்னூர்
11.6.2023, ஞாயிறு

அன்புள்ள தீபா,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஐந்து வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். அம்மாவும் நானும் சௌக்கியம். உன் பழைய மெயிலுக்கு எழுதினேன், அப்படியே திரும்பி வந்தது. போனில் வேறு யாரோ எடுத்து இந்தியில் திட்டினார். அதனால் ஜெகதளாவுக்குப் போய் உன் அப்பாவிடம் விலாசம் வாங்கிக்கொண்டேன். ஃபாக்டரியில் ரிட்டையர் ஆன பிறகு கட்டிய வீட்டை அன்றுதான் பார்த்தேன். "ஏனுங்க கண்ணு, மழையில நின்னுட்டு, ஊட்டுக்குள்ள வாங்க" என்று உட்காரவைத்து, உன் விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அவருக்கு அது மனப்பாடம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஹெர்பர்ட் அண்ணன் என்று ஒருவர் இருக்கிறார். குன்னூர் தபாலாபீசில் முப்பது வருஷம் கடிதங்களைப் பிரித்து அறை அறையாகப் போட்டவர். ரிட்டையர் ஆனபின் போனில் கேம் விளையாடுவதைத் தவிர வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை. நாம் இரண்டு பேரும் கல்லூரி முடித்த கையோடு செய்த 'பனிக்கூடை'யை இன்றுவரை தினமும் விளையாடுகிற பதினோரு பேரில் அவர் ஒருவர். (மீதிப் பத்து பேரில் ஒருத்தி நான்.)

அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஒரு கேமில் வரும் கேரக்டரின் பெயர் சம்பந்தமே இல்லாத இன்னொரு கம்பெனியின் கேமில் வந்தால் அதில் எழுதிவைப்பார். நானூறுக்கு மேல் சேர்த்திருக்கிறார். தபால்காரர் ஆயிற்றே, அதையும் மூன்று அறையாகப் பிரித்துவைத்திருக்கிறார். தற்செயலாக வந்த பெயர்கள் 'சும்மா'. அந்தக் கேமைச் செய்தவர்களுக்கு இவர்கள் வைத்த மரியாதை 'சலாம்'. மூன்றாவது 'சுட்டது'. ஜப்பான்காரன் கேமில் வரும் கொல்லன் பெயர் எப்படி அமெரிக்கக் கேமில் படகோட்டிக்கு வந்தது என்று ஒரு மணி நேரம் பேசுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

போன வாரம் மூச்சு வாங்க ஓடிவந்தார். 'கிரான்ஹெல்ம்' நான்காம் பாகத்தில், மலைமேல் ஒரு சத்திரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வழிப்போக்கர்களுக்குத் தேயிலை கொடுக்கிறாள். பெயர் மருதாம்பாள்.

தீபா, உலகம் முழுக்க விற்கிற கேமில், வாளும் டிராகனுமாக வருகிற கேமில், என் அம்மா பெயர். பேச்சுக்கூட நம் கேமில் கொழுந்து நிறுக்கும் எடைக்கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் மருதாம்பாள் பேசுகிற மாதிரியே இருக்கிறது. அந்தக் கம்பெனி ஸ்வீடனில், நீ இருக்கிற மால்மோவில்தான் இருக்கிறது என்று ஹெர்பர்ட் அண்ணன் சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது.

நீதானே? இதை எந்த அறையில் போடுவது என்று அவர் கேட்கிறார். சலாம் என்று சொல்லியிருக்கிறேன். நீ கோபித்துக்கொண்டு போய்விட்டாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீ அங்கிருந்தபடி கையசைத்திருக்கிறாய். எனக்குத்தான் தெரியவில்லை.

உன் வீட்டுக்காரர் தரணிதரன் எப்படி இருக்கிறார்? அவரையும் கேட்டதாகச் சொல்.

அன்பு மாறாத
செல்வி


மால்மோ
9.7.2023

என் செல்விக்கு,

உன் கடிதத்தைப் படிக்கட்டிலேயே பிரித்து அங்கேயே உட்கார்ந்து படித்தேன். மேல்வீட்டுக் கிழவர் ஒதுங்கிப் போகிறவர் நின்று, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன். உண்மையிலேயே அன்றைக்கு நன்றாக இருந்தேன்.

நான்தான் வைத்தேன். கதைப் பிரிவில் எனக்கு வந்த வேலை, வழியில் தென்படும் நாற்பது சின்னக் கேரக்டர்களுக்குப் பெயரும் நாலைந்து வரிப் பேச்சும் எழுதுவது. அந்தச் சத்திரக்காரிக்கு வரும்போது வேறு பெயர் கைக்கு வரவில்லை. நம் மருதாம்பாள் பேசுவதையே கொஞ்சம் மாற்றி எழுதினேன். யாரும் கேட்கவில்லை. நாற்பதில் ஒன்று, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

கோபித்துக்கொண்டு வரவில்லை, செல்வி. இரண்டு வருஷத்தில் திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் போன் எடுப்பதை நிறுத்தினேன். நாள் போகப்போக வெட்கமும் வளர்ந்துவிட்டது.

ஒரே ஒரு உதவி. இதை யாரிடமும் சொல்லாதே. உன் ஹெர்பர்ட் அண்ணனிடம், நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், வெளியே எங்கும் போடவேண்டாம் என்று சொல். நீ எழுதும்போதும் மெயிலில் வேண்டாம், தாளிலேயே எழுது. இங்கே வெளியிலிருந்து எதையும் எடுத்து வைக்கக் கூடாது என்று கண்டிப்பு அதிகம். பெரிதாக ஒன்றும் இல்லை, சும்மா ஜாக்கிரதைக்குத்தான்.

அம்மாவிடம் சொன்னாயா? என்ன சொன்னார்கள்? நான் அங்கே ஓடிவரும்போதெல்லாம் ரொட்டியும் மிளகாய் அரைத்த கட்டைச் சம்பலும் வைத்துக் கொடுத்தது இப்போதும் நாக்கில் இருக்கிறது.

உன்
தீபா


பெட்ஃபோர்டு, குன்னூர்
6.8.2023

அன்புள்ள தீபா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே காரியம் மிஞ்சிவிட்டது. ஹெர்பர்ட் அண்ணன் இரண்டு மருதாம்பாள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏதோ ஒரு குழுவில் போட்டுவிட்டார். இப்படிப்பட்ட நோட்டுக்காரர்கள் உலகமெல்லாம் இருக்கிறார்கள் போல. பிரேசிலிலிருந்தும் போலந்திலிருந்தும் ஆட்கள் வந்து 'பனிக்கூடை'யை இறக்கிக்கொண்டார்கள். பதினோரு பேர் பதினெட்டாயிரம் பேர் ஆனார்கள். உன் சத்திரக்காரியைத்தான் அந்தக் கேமிலேயே எல்லோருக்கும் பிடிக்கிறதாம். அவளைப் பார்க்கவே மலை ஏறுகிறார்களாம்.

அம்மாவிடம் காட்டினேன். எஸ்டேட்டிலிருந்து போன வருஷம் ரிட்டையர் ஆகி இப்போது என்னோடுதான் இருக்கிறாள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் கேத்தியில் கேரட் கழுவும் இடத்துக்கு வேலைக்குப் போகிறாள். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நம் கேமில் நான் வரைந்த மூக்கைவிட உன் கேமில் மூக்கு நன்றாக இருக்கிறதாம். ஸ்வெட்டரும் நல்ல ஸ்வெட்டர் என்றாள். அடுத்த நாள் கேரட் கழுவுகிற இடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

இப்போது கெட்ட செய்தி. சென்ற புதன்கிழமை 'பனிக்கூடை'யை ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்கள். உன் கம்பெனி புகார் கொடுத்திருக்கிறது. மருதாம்பாள் என்ற பெயரும், மலைத் தேயிலை, மூதாட்டி என்ற அமைப்பும் அவர்களுடையதாம். பொம்மை விற்கப் போவதால் பெயரைப் பதிவு செய்துவிட்டார்களாம். நாங்கள் அவர்களைப் பார்த்து எழுதியதாம். (மூதாட்டி என்றதற்குத்தான் அம்மாவுக்குக் கோபம். ஐம்பத்தெட்டு வயது.)

எங்கோ ஒரு இயந்திரம் தேடிக் கண்டுபிடித்து அனுப்பிய புகாராகத்தான் இருக்கும், உனக்குத் தெரிந்திருக்காது. நம்முடையது 2016, உங்களுடையது 2023. நீ உள்ளே ஒருவரிடம் ஒரே வரி சொன்னால் போதும்: இது முதலில் எங்கள் கேமில் இருந்த பெயர், நான்தான் இங்கே வைத்தேன். சொல்லிவிடு. 'பனிக்கூடை' இரண்டாம் பாகத்தை நான் தனியாகவே மூன்று வருஷம் உட்கார்ந்து செய்தேன். பகலில் டீத்தூள் பாக்கெட்டுக்கு டிசைன், சாயங்காலம் இது. தீபாவளிக்கு வெளியிட இருந்தேன்.

தரணிதரனைக் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. சௌக்கியம்தானே?

செல்வி


மால்மோ
3.9.2023

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. வருத்தமாக இருக்கிறது. புகார் போனது எனக்குத் தெரியாது என்பதை நம்பு.

நான் விசாரித்தேன். வேலையில் சேரும்போது எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தில், நான் எழுதுவது எல்லாம் என் சொந்தக் கற்பனை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேறு கேமிலிருந்து எடுத்தேன் என்று தெரிந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். அப்படி இரண்டு பேரை அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இங்கே நிரந்தரமாக இருப்பதற்கான அனுமதி பிப்ரவரியில்தான் வருகிறது. அதுவரை வேலை இருந்தாக வேண்டும். வேலை போனால் நாடும் போய்விடும்.

யோசித்துப் பார்த்தேன். நீ ஓர் எழுத்தை மாற்றினால்கூடப் போதும் என்று தோன்றுகிறது. 'மருதம்' என்று பாதியாக வைத்தாலும் அழகாகத்தான் இருக்கும். தீபாவளிக்குள் திரும்ப ஏற்றிவிடலாம். பிப்ரவரி கழிந்ததும் நானே எல்லோரிடமும் உண்மையைச் சொல்கிறேன். ஆறு மாதம்தான். எனக்காக.

தரணிதரன் இங்கே இல்லை. இரண்டு வருஷம் ஆகிறது. அப்பாவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

தீபா


பெட்ஃபோர்டு, குன்னூர்
22.10.2023

தீபலட்சுமிக்கு,

தரணிதரனைப் பற்றிப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். பெயரை மாற்றுவதா வேண்டாமா, அது பிறகு, முதலில் இவள் தனியாக இருக்கிறாள் என்று. நாலு வரி எழுதியும்விட்டேன். அதைத் தபாலில் போடுவதற்குள் உங்கள் கம்பெனி வக்கீலிடமிருந்து ஒரு காகிதக் கட்டு வந்தது. அதில் உன் வாக்குமூலமும் இருந்தது.

'இது தென்னிந்தியாவில் சாதாரணமாக வழங்கும் பெயர். குறிப்பிட்ட எந்த நபரையும் குறிக்காது. வேறெந்த விளையாட்டையும் நான் அறியேன்.' கீழே உன் கையெழுத்து, தேதி ஆகஸ்ட் 24. அதாவது எனக்கு "எனக்காக" என்று எழுதுவதற்குப் பத்து நாள் முன்னால்.

சாதாரணமான பெயர் என்றால் அது எங்களுக்கு மட்டும் ஏன் ஆகாது? வேறெந்த விளையாட்டையும் அறியேனா? எஸ்டேட் லைன் வீட்டில், எங்கள் ஒற்றைக் காம்பிராவில், ஒரே ஸ்டூலில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து, கரன்ட் போனால் குன்னூருக்கு பஸ் ஏறிப் போய்ச் செய்த விளையாட்டை நீ அறியமாட்டாயா?

பாதியாக வைத்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். எழுதும்போது உனக்கு உறைத்திருக்காது. எங்கள் ஆட்கள் சிலோனிலிருந்து கொண்டுவந்த வழக்கு இது: எஸ்டேட்டில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்றுதான் பெயர். சொன்ன கிலோ கொழுந்து பறித்தால் அன்றைக்கு முழுப் பேர் போடுவார்கள். குறைந்தால் அரைப் பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றுவிட்டு, "இன்னைக்கு அரைப் பேர்தான் போட்டாங்க" என்று அம்மா வாசலில் கூடையை இறக்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவள் பேரைப் பாதியாக்கு என்று நீ எனக்குச் சொல்கிறாய்.

ஊட்டியில் லோயிஸ் என்ற வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது என்றார்கள், தற்செயல் என்று சொல்லிவிடுவார்களாம். தற்செயலாக இருக்கவே முடியாத ஒன்று வேண்டும் என்றார்கள். என்னிடம் இருக்கிறது. உனக்கே தெரியாத ஒன்று. உன் கடிதங்களை அவர்களிடம் காட்டவில்லை, எனக்கு எழுதியது எனக்குத்தான்.

நம் கேமில் மருதாம்பாள் சொல்வாளே, "மூணு இலை, ஒரு கொழுந்து கொண்டா." நீ எழுதிய வரி. உன் சத்திரக்காரியும் அதையேதான் சொல்கிறாள், இங்கிலீஷில், மூன்று இலை என்று. தீபா, அது தப்பு. இரண்டு இலையும் ஒரு கொழுந்தும்தான் பறிப்பது. மூன்றாவது இலை முத்தல். அதைக் கொண்டுபோனால் கணக்கப்பிள்ளை கூடையைத் திருப்பிக் கொட்டுவார். தேயிலை தெரிந்தவர் யாரும் மூன்று என்று எழுதமாட்டார். தெரியாதவர் புத்தகத்தைப் பார்த்து இரண்டு என்று எழுதுவார். மூன்று என்று எழுதக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். அருவங்காட்டு ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்து, என் அம்மா பறிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தவள்.

2016-இல் நீ அதை எழுதிவிட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் திருத்த வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். நீ போன பிறகு, "ஆசையா எழுதிருக்கு அந்தப் புள்ள, சிரிச்சா மூஞ்சி வாடிப்போவும், கெடக்கட்டும் விடு" என்றாள். அதனால்தான் திருத்தாமல் விட்டோம். இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லவில்லை.

லோயிஸ் அம்மா அந்த வரியைப் பார்த்துவிட்டு, இது போதும் என்றார்கள். உன் வாக்குமூலம் பொய் என்பது இதிலேயே தெரிந்துவிடும் என்றார்கள். டிசம்பர் முடிய உனக்கு நேரம் கொடுக்கிறேன். நீயாகப் போய்ச் சொல். இல்லாவிட்டால் நான் சொல்வேன். ஹெர்பர்ட் அண்ணன் நோட்டில் 'சலாம்' என்று இருந்ததை நானே அடித்துவிட்டு வந்தேன்.

செல்வி


மால்மோ
19.11.2023

செல்விக்கு,

மூன்று இலை என்பது தப்பு என்று எனக்குத் தெரியாது. படித்ததும் முகம் எரிந்தது. இங்கே ஐந்து வருஷமாக யார் தேயிலை என்று பேச்செடுத்தாலும் நான் அந்த மலையிலிருந்து வந்தவள் என்ற தோரணையில் மூன்று விரலைக் காட்டியிருக்கிறேன். அம்மா என்னைக் கேலி செய்யாமல் விட்டதுதான் இப்போது அதிகமாக வலிக்கிறது.

நீ எழுதியது எல்லாம் சரி. வக்கீல்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தாளை நகர்த்தினார்கள். படித்தேன், கையெழுத்துப் போட்டேன். பேனா நடுங்கியது என்றெல்லாம் சொல்ல ஆசைதான். நடுங்கவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அதற்குப் பிறகும் உனக்கு நல்லவள் மாதிரி ஒரு கடிதம் எழுதினேன். அதுதான் கையெழுத்தைவிடக் கேவலம்.

ஏன் அந்தப் பெயரை வைத்தேன் என்று முதல் கடிதத்தில் லேசாக எழுதிவிட்டேன். சரியாகச் சொல்கிறேன். தரணிதரன் போன அந்தக் குளிர்காலம், வேலையைத் தவிர யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் பல நாள் கழிந்தது. தமிழ் என் வாயிலிருந்தே போய்விடும் போலிருந்தது. அந்த நாற்பது பேர் பட்டியலில் மருதாம்பாள் என்று எழுதிவைத்தேன். பிறகு குரல் பதிவுக்கு வந்த நடிகைகளுக்கு அதை எப்படிச் சொல்வது என்று நான்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ளகரம் வரவே இல்லை. நாக்கை மடக்கு, மடக்கு என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் படம் வரைபவர்கள், சோதித்துப் பார்ப்பவர்கள், விளம்பரத்துக்காரர்கள் என்று ஒவ்வொருவராக வந்து என்னிடம் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கு இந்தக் கட்டடத்தில் அறுபது பேர் அந்தப் பெயரைத் திருத்தமாகச் சொல்கிறார்கள். அவர்கள் வாயில் வருகிற ஒரே தமிழ்ச் சொல் அதுதான். தினமும் காலையில் யாராவது ஒருவர் சொல்லக் கேட்பேன். அதற்காகவே சீக்கிரம் போவேன்.

இது நியாயம் ஆகாது. தெரியும். உன்னிடம் நியாயம் இருக்கிறது, என்னிடம் பயம் மட்டும்தான் இருக்கிறது. வேலை போய், கல்யாணம் போய், அப்பா முன்னால் ஒரு பெட்டியோடு போய் நிற்க என்னால் முடியாது. இரண்டு முறை மேலதிகாரி அறை வாசல் வரை போனேன். திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை போவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், இனியும் பொய் சொல்ல விரும்பவில்லை.

நீ செய்ய நினைத்ததைச் செய். தடுக்க எனக்கு வாய் இல்லை. அம்மாவிடம் மட்டும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

தீபலட்சுமி


பெட்ஃபோர்டு, குன்னூர்
7.1.2024

தீபலட்சுமிக்கு,

டிசம்பர் முடிந்தும் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. முதல் தேதி அம்மாவுக்கு வேலை இல்லை. வெளியே உறைபனி, புல் எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. அடுப்படியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன், உன் கடிதங்கள், வக்கீல் கட்டு, உன் வாக்குமூலம் எல்லாம். மறுநாள் ஊட்டிக்குப் போய் லோயிஸ் அம்மாவிடம் கையெழுத்துப் போட வேண்டும், எல்லாம் தயார் என்றேன். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்.

தாள்களையெல்லாம் வாங்கி அடுக்கி வைத்தாள். பிறகு என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "என் பேருக்கு நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிறீங்க. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? அவதான் கேக்கல. நீ கேட்டியா?"

நினைத்து நினைத்துப் பார்த்தேன். 2016-இல் நாம் கேட்கவில்லை, தீபா. பெயர் வைத்துவிட்டுப் போய்ச் சொன்னோம். அவள் சிரித்தாள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

பெரட்டில் நடந்த ஒன்றைச் சொன்னாள். விடிகாலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அங்கே. அவளுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அடுத்த காம்பிராவில் இருந்த அருக்காணி இரக்கப்பட்டு, இவள் பேரைக் கூப்பிட்டபோது தானே குரல் கொடுத்துவிட்டாள். கணக்கப்பிள்ளை கண்டுபிடித்து இரண்டு பேர் பேரையும் அன்றைக்கு வெட்டிவிட்டார். முப்பத்தொரு வருஷமும் தன் பேருக்குத் தானே நின்று, தன் வாயால் சொல்லித்தான் பேர் போட்டதாகச் சொன்னாள். அவள் இங்கேயே உட்கார்ந்திருக்கும்போது, நான் ஊட்டிக்குப் போய் அவளுக்காகக் குரல் கொடுக்கப் போகிறேனா என்று கேட்டாள்.

சரி, நீயே சொல், பேர் யாருக்கு என்று கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன். எனக்கு என்றுதான் சொல்வாள் என்ற நினைப்பும் இருந்தது.

அறுபது பேருக்கு நீ நாக்கை மடக்கச் சொல்லிக்கொடுத்ததை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். "அந்தப் புள்ளகிட்டயே இருக்கட்டும்" என்றாள். "அதுக்கு அங்க யாரு இருக்கா? ஒனக்கு நான் இருக்கேன். ஒனக்கு எதுக்கு என் பேரு?"

இரண்டு நாள் நான் அவளோடு சண்டை போட்டேன். மூன்று வருஷ வேலையை ஒரு வார்த்தையில் தூக்கி உன்னிடம் கொடுத்துவிட்டாள் என்று அழுதேன். பொய் சொன்னவளுக்குப் பரிசா என்று கத்தினேன். அவள் பாட்டுக்குக் காலையில் கேரட் கழுவப் போனாள், சாயங்காலம் வந்து எனக்குச் சோறு வைத்தாள். மூன்றாம் நாள் உட்கார்ந்து, இரண்டு பாகத்திலிருந்தும் பெயரை எடுத்தேன். இப்போது எடைக்கொட்டகையில் இருப்பவளுக்குப் பெயர் கிடையாது. ஸ்டோரில் நேற்றுத் திரும்ப ஏற்றிக்கொண்டார்கள். ஹெர்பர்ட் அண்ணன் பார்த்துவிட்டு நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டார்.

அம்மா ஒன்றே ஒன்று கேட்கிறாள். உன் சத்திரக்காரி மூன்று இலை என்பதை இரண்டாக்க வேண்டும். தன் பேரைச் சொல்லிக்கொண்டு ஒருத்தி முத்தல் இலை கேட்கக் கூடாதாம். மாற்றிவிட்டால் உன்னை மாட்டிவிட நான் வெளியே காட்டக்கூடிய ஒரே சாட்சியும் போய்விடும். அதைத் தெரிந்துதான் சொல்கிறாளா என்று நான் கேட்கவில்லை. லோயிஸ் அம்மாவிடம் கொடுத்திருந்த, மூன்று இலை வரி தெரிகிற படங்களைத் திரும்ப வாங்கி அழித்துவிட்டேன். நீ பயப்பட வேண்டியதில்லை. பிப்ரவரியில் உன் அனுமதி வரட்டும்.

ஆனால் பெயரைக் கொடுத்தது அம்மா. நான் கொடுக்கவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். இனிமேல் எனக்கு எழுதாதே. அம்மாவுக்கு எழுத வேண்டும் என்றால் எழுது, வந்ததை வந்தபடி படித்துக் காட்டுவேன், அவள் சொல்வதைச் சொன்னபடி எழுதிப் போடுவேன். அது அவளுக்கும் உனக்கும். நடுவில் என்னைத் தேடாதே.

இப்படிக்கு,
மருதாம்பாள் மகள்
செல்வி